உன் எண்ணுக்கு வந்த ஓ.டி.பி.

என் ஆசைச் சின்ன அண்ணனுக்கு,

நீ இருக்கும் இடத்தில் போர்வெல் ரிக் வண்டித் தூசி இல்லாமல் இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடுகிறவன் இல்லை நீ. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து இதைப் படி. நல்ல சேதி சொல்வதற்காக எழுதவில்லை.

உன் நினைவு நாளுக்கு ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுப் பக்கம்கூட ஒன்று. அதில் நீ கைகூப்பிச் சிரிக்கிறாய், உனக்குப் பின்னால் நம் போர்வெல் வண்டி நிற்கிறது. கீழே "எல்லோருக்கும் நல்லவர்" என்று போட்டிருந்தது. பெரியண்ணன் சொல்லி எழுத வைத்த வரி. ஸ்கூட்டரை ஓரம் நிறுத்திப் படித்தேன். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. எல்லோருக்கும் நல்லவனாக இருப்பது என்றால் என்னவென்று உன் மகளிடம் கேட்டுப் பார். உன்னை நல்லவன் என்று ஊர் பார்க்கத்தானே எழுதினார்கள்? நானும் ஊர் பார்க்கவே எழுதுகிறேன்.

சத்தீஸ்கர் கேம்பில் மத்தியானம் கட்டிலில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை என்று போன் வந்தபோது, உன் மகள் சௌமியா பிளஸ் டூ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். உன்னை எடுத்த வீட்டில் உட்கார்ந்தே படித்து எழுதினாள். நல்ல மார்க். கோயமுத்தூரில் ஒரு பெரிய அரசுக் கல்லூரியில் சிவில் கிடைக்கிற அளவுக்கு நல்ல கட்-ஆஃப். இதுவரை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்?

அவளுக்கு ஏன் சிவில் பிடித்தது என்று உனக்கே தெரியும். பத்தாவது லீவில் அடம்பிடித்து உன்னோடு கேம்புக்கு வந்தாளே. பொட்டப்புள்ளையை ரிக் வண்டியில் ஏற்றலாமா என்று பெரியண்ணன் குதித்தார். அங்கே ஒரு விவசாயியின் காட்டில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை போட்டுப் போர் ஓட்டினீர்கள். தண்ணீர் வரவில்லை. வெறும் மண்தூசிதான் பறந்தது. அந்தக் காட்டுக்காரரின் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கடைசிவரை நின்றதைப் பார்த்துவிட்டு, அடியில் என்ன இருக்கிறதென்று தெரியாமலா ஓட்டுகிறீர்கள் என்று உன்னிடம் கேட்டிருக்கிறாள்.

"தெரிஞ்சா நான் ஏஞ்சாமி இப்பிடி ஊரூராச் சுத்தறேன்?" என்று சிரித்தாயாம்.

அன்றைக்கே எனக்குப் போன் போட்டாள். "அத்தை, மண்ணுக்கடியில இருக்கறதப் படிக்கற படிப்பு எது?"

நான் எலெக்ட்ரிக்கல் படித்தவள். தெரிந்ததைச் சொன்னேன். சிவிலில் மண், பாறை, நீர்வளம் எல்லாம் வரும். அதை மேஜராக எடு. அதாவது பட்டம் அந்தப் பெயரில் வரும். கூடவே கம்ப்யூட்டரை மைனராக எடுத்துக்கொள். கூடுதலாகச் சில பேப்பர் எழுதினால் அதற்கும் ஒரு தகுதி கிடைக்கும். இரண்டையும் சேர்த்தால் பூமிக்கடியில் இருப்பதைக் கணித்து வரைபடமே போடலாம் என்றேன். சந்தோஷத்தில் அவள் பேசாமல் இருந்தாள். உன்னைப் போலத்தான். உனக்கும் சந்தோஷம் வந்தால் பேச்சு வராது.

நீ கடைசியாக வந்துபோன தீபாவளிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அப்போது இந்தப் பேச்சு வந்தது. பெரியண்ணன் எலும்பைக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

"மேஜரு, மைனரா? நம்ம சனத்துல மைனராத் திரிஞ்சவன் எவனும் உருப்பட்டதில்ல அம்முணி. பொட்டப்புள்ள நீ வேற மைனராவறயா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். சௌமியாவின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நீ செய்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கை கழுவும் இடத்தில் அவள் தலையைத் தடவி, "சரி சாமி, உன்ற இஷ்டம், சிவிலே படி" என்றாய். என் காதால் கேட்டேன். சாயங்காலம் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, "நீ சொன்னாச் சரிதான் அம்முணி, நீ பாத்துக்க" என்றாய். அதே நாள் பெரியண்ணனிடமும், "சரிண்ணா, கம்ப்யூட்டரே போட்ரலாம்" என்று சொல்லியிருக்கிறாய். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. எனக்கு உன்னைத் தெரியும், நீ சொல்லியிருப்பாய். ஆளுக்கொரு 'சரி'யைக் கையில் கொடுத்துவிட்டுச் சத்தீஸ்கருக்கு வண்டி ஏறினாய். அப்புறம் அங்கிருந்தும் போய்விட்டாய்.

கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்ய சௌமியா என் வீட்டுக்கு வந்தாள். செல் நம்பர் கேட்டது. "அப்பா நம்பரையே போடுங்க அத்தை. ரேங்க் வந்தா அப்பாவுக்குத்தான மொதல்ல மெசேஜ் போகோணும்" என்றாள். இதைச் சொல்கிற பிள்ளையிடம் வேறு நம்பர் சொல் என்று யார் சொல்வார்கள்? போட்டேன். உன் போன் பெரியண்ணன் சட்டைப்பையில் இருந்தது. ரிக் ஏஜெண்டுகள் உன் நம்பருக்குத்தான் கூப்பிடுவார்கள் என்று வாங்கி வைத்திருந்தார்.

கல்லூரிகளை வரிசைப்படுத்துகிற நாட்கள் வந்தன. சௌமியாவும் நானும் லேப்டாப்பை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கோயமுத்தூர் அரசுக் கல்லூரி சிவிலை முதலில் வைத்தாள். அடுத்தது சேலம். அதற்கடுத்தது ஈரோடு. எல்லாம் சிவில். கடைசி நாள் லாக் பண்ணிக்கொள்ளலாம் என்று சேமித்து வைத்தோம். கடைசி நாள் காலையில் உள்ளே போனால் பாஸ்வேர்டு தவறு என்றது. மறுபடி அடித்தோம், மறுபடியும் தவறு. புது பாஸ்வேர்டு வாங்கலாம் என்றால் அதற்கு ஒரு ஓ.டி.பி. வரும். உன் நம்பருக்குத்தான் வரும்.

உன்னைக் கூப்பிட்டேன் அண்ணா. என் போனில் இன்னும் நீ "சின்னண்ணன்"தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சௌமியா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் எடுக்கவில்லை. சாயங்காலம்தான் பெரியண்ணன் எடுத்து நம்பரைச் சொன்னார். உள்ளே போனோம். பட்டியல் ஏற்கெனவே லாக் ஆகியிருந்தது, இனி மாற்ற முடியாது. கோயமுத்தூர் இல்லை, சேலம் இல்லை, சிவில் என்ற சொல்லே இல்லை. முதல் இடத்தில் இருந்தது நான் வேலை பார்க்கிற கல்லூரி, ஏ.ஐ. பிரிவு.

எங்கள் கல்லூரியைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொன்னதில்லை. பங்குனி பிறந்தால் வாத்தியார்களைப் பிள்ளை பிடிக்க அனுப்பிவிடுவார்கள். சேலம் பக்கம் இளம்பிள்ளை ஊரில் தறிச் சத்தத்துக்கு மேல் தொண்டை கிழிய, "ஏ.ஐ. படிச்சா கை நெறையச் சம்பளமுங்க" என்று நான் கத்தியிருக்கிறேன். ஆளுக்கு இத்தனை பிள்ளை சேர்க்க வேண்டும் என்று டார்கெட் உண்டு. மெக்கானிக்கலை மூடிவிட்டார்கள். சிவிலை மூடிவிட்டார்கள். சிவில் வாத்தியார் இப்போது காலேஜ் பஸ் ரூட் பார்க்கிறார். அந்தக் கல்லூரியின் அட்மிஷன் ஆட்கள்தான் பெரியண்ணனிடம் போய் உட்கார்ந்து உன் மகளின் பட்டியலை மாற்றியிருக்கிறார்கள்.

மறுநாளே பெரியண்ணன் வீட்டுக்குப் போனேன். ஃபேன் போட்டார், மோர் கொண்டுவரச் சொன்னார். அவர் மேல் கோபப்படக்கூட அவர் விடமாட்டார், உனக்குத் தெரியும்.

"ஏனுங்கண்ணா, சௌமியா லிஸ்ட்ட மாத்துனது ஆரு?"

"நாந்தான். உங்க காலேஜ் பசங்க வந்தாங்க. போனுக்கு நம்பர் வரும், சொல்லுங்கன்னாங்க. வந்துச்சு, சொன்னேன்."

"அவளக் கேட்டீங்களா?"

"சின்னப் புள்ளகிட்ட என்னத்தக் கேக்கறது? அப்பன் இல்லாத புள்ளயக் கோயமுத்தூர் ஆஸ்டல்ல உட்டுப்போட்டு நான் இங்க கண்ணு மூடித் தூங்கவா? சிவில் படிச்சு வெயில்ல நின்னு கம்பி எண்ணறதுக்கா எந்தம்பி பெத்தான்? நாளைக்கு மாப்பள ஊட்டுக்காரன் வந்தா புள்ள ஐ.டி.யான்னுதான் மொதல்ல கேப்பான்."

"அது அவ படிப்புங்கண்ணா."

"எந்தம்பி எங்கிட்டச் சொன்ன வாக்கு. கம்ப்யூட்டரே போட்ரலாம்ணான்னு சொன்னான். உசுரோட இருந்தா அவனே கொண்டாந்து சேத்தியிருப்பான்." சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நடிப்பில்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார்.

"எங்கிட்டயும் சொன்னானுங்கண்ணா. பாத்துக்கச் சொன்னான்."

"பாத்துக்க. உங்க காலேஜுலதான இருக்கப்போறா. நல்லாப் பாத்துக்க."

மோரைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்த எதிர்ப்பு.

பட்டியலில் இருந்தபடியே எங்கள் கல்லூரியில்தான் இடம் வந்தது. அப்போதும் ஒரு வழி இருந்தது. இந்த இடம் வேண்டாம் என்று மறுத்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம். கோயமுத்தூர் கைநழுவினாலும் வேறெங்காவது சிவில் கிடைக்கும். உன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தது. நிமிராமலே பேசியது.

"வண்டிய அவருதான் பாக்கறாரு சுமதி. பெரிய மாமா மொகத்தத் திருப்பிக்கிட்டா நானும் எம் புள்ளையும் நடுரோட்டுலதான் நிக்கோணும். அவரு மனசு நோக நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். உங்கண்ணனும் அப்பிடித்தான இருந்தாரு?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீ வந்து சொல்லேன். சௌமியா உள்வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அழுதிருந்தால் நான் அண்ணியோடு சண்டை போட்டிருப்பேன். அழவில்லை. உள்ளே போய்விட்டாள்.

கல்லூரி திறந்த அன்று முகப்பில் ஒரு பெரிய பலகை வைத்திருந்தார்கள். பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட ஆசிரியர்களைப் பாராட்டும் பலகை. என் படமும் அதில் இருந்தது. படத்துக்குக் கீழே நான் சேர்த்துவிட்டதாக உன் மகளின் பெயர். அட்மிஷன் பையனிடம் ஓடினேன்.

"இந்த வருசம் உங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்களே மேடம். சொந்தக்காரப் புள்ளதானன்னு நாந்தான் உங்க பேர்ல எழுதிவிட்டேன். நன்றியெல்லாம் வேண்டாமுங்க" என்று சிரித்தான்.

நான் திரும்பி வந்தபோது சௌமியா அந்தப் பலகைக்கு முன்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். புது பேக், புது ஐ.டி. கார்டு. என்னைப் பார்த்தாள்.

"நான் இல்ல சாமி. சத்தியமா நான் இல்ல" என்றேன்.

"சரிங்க மேம்" என்றாள்.

அன்றிலிருந்து நான் அத்தை இல்லை. வகுப்பிலும் மேம், பஸ்ஸிலும் மேம். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோதும் தட்டில் சோறு போட்டுவிட்டு, "சாப்பிடுங்க மேம்" என்றாள். அண்ணி அதட்டியது. சௌமியா மன்னிப்புக் கேட்டாள், என்னிடம் அல்ல, அண்ணியிடம்.

இரண்டாம் ஆண்டில் வந்தது இன்னும் பெரிய கூத்து. ஏ.ஐ. பாடம் எடுக்க ஆள் இல்லை. மூடின துறைகளில் மிச்சமிருந்தவர்களையும் என்னையும் ஒரு பயிற்சிக்கு அனுப்பி, திரும்பி வந்ததும் நீங்கள்தான் ஏ.ஐ. வாத்தியார்கள் என்றார்கள். டாக்டர் பட்டம் இருக்கிறது என்பதால் என்னைத் துறைத் தலைவியாக வேறு ஆக்கினார்கள். ஆமாம் அண்ணா, ட்ரான்ஸ்ஃபார்மரைப் பற்றி ஆராய்ச்சி செய்தவள் ஏ.ஐ. துறைக்குத் தலைவி. காலையில் வீடியோ பார்த்துப் படிப்பதை மத்தியானம் நடத்துகிறேன். மூன்றாவது பெஞ்சில் உன் மகள் உட்கார்ந்திருக்கிறாள்.

ஒரு நாள் எழுந்து நின்று கேட்டாள். "இந்த ஏ.ஐ. மாடல் தப்பாச் சொல்லுச்சுன்னா, எதனால தப்பாச் சொல்லுச்சுன்னு எப்பிடிக் கண்டுபிடிக்கறதுங்க மேம்?"

அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்றேன். அடுத்த வகுப்பில் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும். அப்படிக் கேட்கத் தெரிந்தவள் எங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவள், சொல்.

பிறகு பிள்ளைகள் மைனர் தேர்ந்தெடுக்க வேண்டிய பருவம் வந்தது. எங்கள் கல்லூரி கொடுத்த மைனர்கள் எல்லாம் கம்ப்யூட்டரையும் வியாபாரத்தையும் சுற்றியே இருந்தன. எல்லோரும் டிக் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். சௌமியா மட்டும் கொடுக்கவில்லை. ஒரு நாள் கதவைத் தட்டி என் அறைக்குள் வந்தாள்.

"மேம், வேற டிபார்ட்மென்ட் மைனர் ஆன்லைன்ல படிக்கலாம்னு யுனிவர்சிட்டி ரூல்ல இருக்குதுங்க. கவர்மென்ட் நடத்தற கோர்ஸு. சிவிலும் இருக்குது. ஹெச்.ஓ.டி.ங்கற முறையில உங்க ஒப்புதல் மட்டும் வேணும்."

என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "பெரியப்பாகிட்டச் சொல்லிட்டியா?"

வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் முகம் மாறவில்லை. எதிர்பார்த்தே வந்திருக்கிறாள்.

"மேஜரு பெரியப்பா எடுத்ததுங்க மேம். அத அவருக்காகப் படிச்சுக் குடுத்தர்றேன். மைனராச்சும் நான் எடுத்துக்கறேனுங்க."

கம்ப்யூட்டரைத் திறந்து அவள் கண் முன்னாலேயே ஒப்புதல் கொடுத்தேன். பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, இனி யாரும் திரும்பப் பெற முடியாது என்று உறுதியான பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தாளாளர் கூப்பிட்டு அனுப்பினார். "ஒரு ஸ்டூடண்டுக்காகவா மேடம்? நாளைக்கு நாலு பேரு சிவில்தான் வேணும்னு வந்து நின்னா என்ன பண்றது?"

"வந்தா நல்லதுதானுங்க சார். மூடுனதத் தொறந்துக்கலாம்."

அடுத்த வாரம் என் அறை வாசலில் இருந்த பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். இப்போது வேறொருவர் தலைவர். பாடம் மட்டும் நான்தான் எடுக்கிறேன். வருத்தப்படாதே. எனக்கு அதில் வருத்தமில்லை. பெரியண்ணனுக்குச் சேதி போய், "அவகூடச் சேந்து நீயும் ஆடறயா?" என்று போனில் கத்தினார். அதிலும் எனக்கு வருத்தமில்லை. கத்தட்டும். கத்தினால்தான் நானும் பதிலுக்குக் கத்த முடியும். மோர் கொடுத்தால் என்ன செய்வது?

ஆனால் இதை ஒரு வெற்றி என்று எடுத்துக்கொள்ளாதே. அதற்காகத்தான் மிச்சத்தையும் எழுதுகிறேன்.

போன வாரம் காலேஜ் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. சௌமியா பின்னாலிருந்து எழுந்து வந்து அதில் உட்கார்ந்தாள். இரண்டு வருடத்தில் முதல் தடவை.

"அத்தை, இந்த மைனர வெச்சு எம்.இ. சிவில் சேர முடியுமா?"

அத்தை என்றாள் அண்ணா. அந்தச் சொல்லுக்கு நான் ஏங்கிக் கிடந்தேன். முடியும் சாமி என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். நீ இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

"பெரும்பாலும் முடியாதும்பாங்க. பட்டம் சிவில்ல இருக்கோணும். எங்காச்சும் வழி இருக்குதான்னு எனக்குத் தெரியல சாமி, விசாரிக்கோணும்" என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பஸ் மேட்டில் ஏறி இறங்கியது. கோழிப்பண்ணைகள் வரிசையாகப் போயின. திரும்பாமலே கேட்டாள்.

"அப்பறம் எதுக்கு அத்தை ஒப்புதல் குடுத்தீங்க?"

"நீ கேட்ட. அதனால."

அவள் சிரிக்கவில்லை. அழவுமில்லை. போனை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பாடத்தை ஓடவிட்டாள். மண்ணின் துளைகளுக்குள் தண்ணீர் எப்படிப் போகிறது என்று யாரோ ஒரு பேராசிரியர் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பாதி புரியவில்லை. அவளுக்குப் புரிகிறது என்பது அவள் உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஒரு பிள்ளை தான் படிக்க வேண்டிய படிப்பைக் காலேஜ் பஸ்ஸில், சின்னத் திரையில், திருட்டுத்தனமாகப் படிப்பதுபோல் படிக்கிறது. கோயமுத்தூரில் அவள் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ, அவர்களாவது ஆசைப்பட்டுப் போயிருக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் கல்யாணப் பேச்சு மெதுவாக ஆரம்பித்திருக்கிறது. நாமக்கல் பக்கம் ஒரு இடமாம், பையன் பெங்களூரில் ஐ.டி.யாம். "தம்பி இருந்தா இப்பிடி ஒரு எடம்தான் பாத்திருப்பான்" என்று பெரியண்ணன் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அண்ணி தலையாட்டுகிறது. உன் ஆசை இன்னும் என்னென்ன கேட்கப் போகிறதோ தெரியவில்லை. செத்தவனின் ஆசைக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது அல்லவா? அதுதான் அவர்களுக்கு வசதி.

நான் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ கேட்காத வாக்கு, உனக்குப் பிடிக்காத வாக்காகவும் இருக்கலாம். இனி உன் ஆசை என்று சொல்லி யாரும் அவளிடம் எதையும் கேட்க விடமாட்டேன். பெரியண்ணன் கேட்டால் அவர் வீட்டு நடுக்கூடத்தில் நின்று மறுப்பேன். அண்ணி கேட்டாலும் மறுப்பேன். நாளைக்கு எனக்கே ஒரு ஆசை வந்து, சிவில்தான் உங்கப்பா ஆசை என்று அவளிடம் சொல்லத் தோன்றினால், அதையும் விழுங்கிக்கொள்வேன்.

உன் மேல் கோபம் ஆறாத,
உன் ஒரே தங்கச்சி,
சுமதி